வண்டலூர்–வேளச்சேரி மோனோரயில்: வராமலே போன ஒரு லைன்

பரண் மேல் கிடந்த பழைய ஃபைல்களைப் போன மாதம் ஒழித்துக்கொண்டிருந்தபோது ஒரு பளபளப்பான நோட்டீஸ் கிடைத்தது. 2012இல் ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் மனை தேடி அலைந்தபோது ஒரு புரமோட்டர் கையில் திணித்தது. பின்பக்கம் ஒரு வரைபடம். தாம்பரம், சேலையூர், கேம்ப் ரோடு, மேடவாக்கம், வேளச்சேரி என்று ஒரு நீலக் கோடு. அதன் மேல் மூக்கு நீண்ட ஒரு வண்டியின் படம். கீழே "உத்தேச மோனோரயில் நிலையம் – 5 நிமிடம்" என்று போட்டிருந்தது. அப்பா அன்றைக்கே கேட்டார், "எதுல போனாப்பா அஞ்சு நிமிஷம்?" அந்த ஆள் சளைக்கவில்லை. "சார், கவர்மெண்ட்டே சொல்லிட்டாங்க சார்" என்றார்.

அரசு சொன்னது நிஜம்தான். அந்த நீலக் கோட்டுக்காகச் சதுர அடிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்தோம். நோட்டீஸைப் பத்திரப்படுத்தி வைத்தது அப்பா. மனுஷன் எதையும் தூக்கிப் போட மாட்டார். இப்போது அவர் இல்லை, மோனோரயிலும் வரவில்லை.

கோடு போட்ட அந்தத் திட்டம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று பழைய செய்திகளை மேய ஆரம்பித்ததில் கிடைத்தவைதான் இந்தக் குறிப்புகள். மோனோரயிலா, லைட் ரயிலா, மெட்ரோவா என்ற சண்டையை எல்லோரும் வண்டியைப் பற்றிய சண்டையாகத்தான் பேசுகிறார்கள். படிக்கப் படிக்க எனக்கு வேறு மாதிரி தோன்றியது. அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் வந்த ரயில்

இந்தியாவில் மின்சார டிராம் முதலில் ஓடியது சென்னையில். 1895 மே மாதம். டிராமுக்கான மின்சாரத்தைத் தரைக்கு அடியில் ஒரு குழாய் வழியாகக் கொண்டுபோனார்கள். மெட்ராஸ் மழை அதற்கு ஒத்துவருமா? பிறகு மேலே கம்பி கட்டினார்கள். முதல் கம்பெனி நொடித்துப்போய், மெட்ராஸ் எலக்ட்ரிக் டிராம்வேஸ் (1904) லிமிடெட் என்ற பெயரில் இன்னொரு கம்பெனி எடுத்து நடத்தியது. அதுவும் நஷ்டத்தில் போய் 1953 ஏப்ரலில் மூடப்பட்டது. இன்றைக்கு லைட் ரயில் என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்களே, அது அடிப்படையில் இந்த டிராமின் பேரப்பிள்ளை. இரும்புத் தண்டவாளம், மேலே கம்பி, தெருவிலேயே ஓடும், வேண்டுமானால் தூண் மேலும் ஏறும். நம்மிடம் இருந்ததை நாமே மூடினோம் என்று இதற்காக மூக்கால் அழ வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் பல ஊர்களில் அதைத்தான் செய்தார்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னி 1961இல் டிராமை மூடியது. சிட்னி பற்றி அப்புறம் வருகிறேன்.

டிராம் எட்டாத தெற்குப் பக்கத்துக்கு வேறொன்று வந்தது. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் கேஜ் மின்சார ரயில். சுமார் 29 கி.மீ. தென்னிந்தியாவில் முதன்முதலாக மின்சாரத்தில் ஓடிய ரயில் பாதை இதுதான். அந்தத் தேதியைக் கவனியுங்கள். சென்னை கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம் மாறியது 1937இல். காசநோய் சானடோரியம் 1928இல் வந்துவிட்டது. ரயில் வரும்போது இங்கே ஊர் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஏரிகளும் குன்றுகளும்தான். குரோம்பேட்டை, பல்லாவரம், மாம்பலம் எல்லாம் அந்தத் தண்டவாளத்தை ஒட்டி வளர்ந்தன. முதலில் ரயில், பிறகு ஜனம். இந்த வரிசை தெற்குச் சென்னையில் அதற்கப்புறம் ஒருமுறைகூட நடக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

2004இல் மீட்டர் கேஜ் ஓய்ந்து அகலப்பாதை மட்டும் ஆனது. ஆனால் பாதை அதே வடக்கு–தெற்குக் கோடு. ஜிஎஸ்டி ரோடும் அதை ஒட்டியே. தாம்பரத்துக்குக் கிழக்கே இருக்கிற சேலையூர், மாடம்பாக்கம், செம்பாக்கம், கௌரிவாக்கம், சந்தோஷபுரம், மேடவாக்கம் எல்லாம் அந்தக் கோட்டுக்கு வெளியே. இவை நிரம்பியது ரொம்பப் பின்னால், ஓஎம்ஆரில் ஐடி கம்பெனிகள் முளைத்த பிறகு. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு வேலை கிழக்கே, ரயில் மேற்கே.

2007இல் பறக்கும் ரயில் வேளச்சேரி வரை வந்தது. தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்கு ரோடு வழியாகப் போனால் பதினைந்து கி.மீ. ரயிலில் போகணும் என்றால் பார்க் ஸ்டேஷனோ கோட்டையோ வரை வடக்கே போய், மாறி, திரும்பத் தெற்கே இறங்க வேண்டும். ஊரையே ஒரு சுற்று. வேளச்சேரியையும் பரங்கிமலையையும் இணைத்தால் இந்தச் சுற்று குறையும் என்று 2008இல் 5 கி.மீ. நீட்டிப்பு வேலையை ஆரம்பித்தார்கள். ஆதம்பாக்கம் பக்கம் சில நூறு மீட்டர் நிலத்துக்கான தகராறில் அது பத்து வருஷத்துக்கு மேல் முடங்கியது. வண்டி தயார், தொழில்நுட்பம் தயார், நிலம் மட்டும் இல்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

111 கிலோமீட்டர்

மோனோரயில் பேச்சு 2011இல் தொடங்கியதல்ல. 2006 தேர்தலுக்கு முன்பே ஜெயலலிதா அரசு சென்னைக்கு மோனோரயில் என்று திட்டமிட்டிருந்தது. ஆட்சி மாறியது, திமுக அரசு அதை ஓரங்கட்டி மெட்ரோவைக் கையில் எடுத்தது. டெல்லி மெட்ரோக்காரர்கள் திட்ட அறிக்கை போட்டார்கள், ஜப்பானின் ஜைக்கா கடன் கொடுத்தது, 2009இல் வேலை தொடங்கியது. 45 கி.மீ., சுமார் 14,600 கோடி ரூபாய்.

2011 மே மாதம் மறுபடி ஆட்சி மாறியது. அடுத்த மாதமே ஆளுநர் உரையில் மோனோரயில் திரும்ப வந்துவிட்டது. மொத்தம் 300 கி.மீ., முதல் கட்டம் 111 கி.மீ. மெட்ரோ வேலை பாதியில் இருந்ததால் அதுவும் தொடரும். முதல் கட்டத்தில் நாலு வழித்தடங்கள்: வண்டலூரிலிருந்து வேளச்சேரி 23 கி.மீ., பூந்தமல்லி–கத்திப்பாரா 18, பூந்தமல்லி–வடபழனி 16, வண்டலூர்–புழல் 54. முதலாவதுதான் எங்கள் நோட்டீஸில் இருந்த நீலக் கோடு.

டெண்டர் விட்டது எம்டிசி. ஆமாம், நம்ம பஸ் கம்பெனிதான். மெட்ரோவுக்கென்றே சிஎம்ஆர்எல் என்று ஒரு நிறுவனம் இயங்கிக்கொண்டிருக்க, மோனோரயில் மட்டும் பஸ் ஓட்டுகிறவர்கள் கையில். எம்டிசியைக் குறை சொல்லவில்லை. வி51 பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கியபடி வேளச்சேரி போய்ச் சேர்ந்தவன் என்ற முறையில் அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒரே ஊரில் இரண்டு உயர்த்தப்பட்ட ரயில்களை இரண்டு நிறுவனங்கள் தனித்தனியே வரைந்துகொண்டிருந்தால், ஒரு ஸ்டேஷனிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது யார் பொறுப்பு?

சீக்கிரமே 111 என்பது 57 ஆனது. வண்டலூர்–புழல் கழன்றுகொண்டது. தனியார் பங்களிப்போடு கட்டுவதாகத் திட்டம், அதாவது கம்பெனி தன் பணத்தையும் போட வேண்டும். டெண்டர் ஒருமுறை ரத்தாகி மறுபடி விடப்பட்டது. 2014 நவம்பரில் மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது, பூந்தமல்லி–கத்திப்பாராவுக்கும் போரூரிலிருந்து வடபழனிக்குப் பிரியும் கிளைக்கும் மட்டும். 20.68 கி.மீ., 3,267 கோடி. வேளச்சேரித் தடம் "அடுத்தது" என்ற நிலைக்குப் போனது. அடுத்தது என்றால் என்ன அர்த்தம் என்று தாம்பரத்துக்காரர்களுக்குத் தெரியும்.

2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு–ஆலந்தூர் மெட்ரோவைக் கொடியசைத்துத் தொடங்கி வைத்தது யார்? மோனோரயிலை விரும்பிய அதே முதலமைச்சர். பூந்தமல்லி பாதை பிறகு மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி தடமாகச் சேர்ந்துவிட்டது. அந்தப் பக்கத்து ஜனத்துக்குப் பெயர் மாறினாலும் தூண் வந்தது. எங்கள் பக்கம் பெயரும் போச்சு, தூணும் வரவில்லை.

செலவுக் கணக்கில் ஒரு விஷயம்

மோனோரயில் மெட்ரோவில் பாதிச் செலவுதான் என்று அப்போது டீக்கடை வரைக்கும் பேசினார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3,267 கோடியை 20.68ஆல் வகுத்தால் கி.மீ.க்கு 158 கோடி. மெட்ரோ முதல் கட்டம் 14,600ஐ 45ஆல் வகுத்தால் 324 கோடி. ஆக, பாதிதான். சரி.

ஆனால் அந்த 45 கி.மீ. மெட்ரோவில் பாதிக்கு மேல், சுமார் 24 கி.மீ., பூமிக்கு அடியில் போகிறது. சுரங்கம் தோண்டுகிற செலவு தூண் நடுகிற செலவைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆகும். மோனோரயில் முழுக்கத் தூண் மேல். ஆக, இந்த ஒப்பீடு மாடி வீட்டையும் கிணறு தோண்டிய வீட்டையும் ஒப்பிடுவது மாதிரி. தூண் மேல் போகிற மெட்ரோவையும் தூண் மேல் போகிற மோனோரயிலையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் அவ்வளவு பெரிதாக நிற்காது. மோனோரயிலில் ஏறக்கூடிய ஆட்கள் குறைவு என்பதையும் சேர்த்தால் லாபம் இன்னும் கரையும்.

கேரளாவில் இதே காலத்தில் இதே கதை நடந்தது. திருவனந்தபுரத்துக்கும் கோழிக்கோட்டுக்கும் மோனோரயில் என்று தனி நிறுவனமே தொடங்கினார்கள். டெண்டருக்கு வந்தது ஒரே ஒரு கூட்டணி, விலையோ எதிர்பார்த்ததைவிட ரொம்ப அதிகம். 2014இல் கைவிட்டு லைட் மெட்ரோ என்று மாற்றிக்கொண்டார்கள். ஒரே ஒருவர் மட்டும் கடை வைத்திருக்கிற சந்தையில் விலை யார் சொல்வது?

உத்தரம் மேல் ஒரு வண்டி

மோனோரயிலின் அடிப்படைப் பிரச்சினையே இந்த ஒற்றைக் கடைதான். ஒரு கான்கிரீட் உத்தரம், அதன் மேல் கால் பரப்பி உட்கார்ந்த மாதிரி வண்டி, மேலேயும் பக்கவாட்டிலும் ரப்பர் டயர். உத்தரத்தின் அகலமும் உயரமும் ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு. ஜப்பானின் ஹிட்டாச்சி உத்தரத்தில் மலேசிய வண்டி ஓடாது. லைட் ரயிலுக்கோ உலகம் முழுக்க ஒரே மாதிரி இரும்புச் சக்கரம், ஒரே மாதிரி தண்டவாளம். இன்று ஒருவரிடம் வாங்கலாம், பத்து வருஷம் கழித்து வேறொருவரிடம் வாங்கலாம்.

அடுத்தது, தடம் மாறுவது. ரயிலில் இரண்டு கூர்மையான இரும்புத் துண்டுகள் நகர்ந்தால் வண்டி அடுத்த லைனுக்குப் போய்விடும். மோனோரயிலில் வண்டியைத் தாங்குகிற உத்தரமே நகர வேண்டும். போரூரில் பிரிகிற மாதிரி கிளை வைத்தால் அங்கே ஒவ்வொரு வண்டிக்கும் இந்த வேலை. வண்டி நடுவில் நின்றுபோனால் இறங்கி நடக்கப் பெரும்பாலும் இடம் கிடையாது. கீழே ரோடு, பக்கத்தில் காற்று.

இதற்கெல்லாம் மும்பை சாட்சி. லார்சன் அண்ட் டூப்ரோவும் மலேசியாவின் ஸ்கோமியும் சேர்ந்து கட்டிய மோனோரயில் 2014 பிப்ரவரியில் செம்பூர்–வடாலா இடையே ஓட ஆரம்பித்தது. 2017 நவம்பரில் ஒரு காலி வண்டி தீப்பிடித்து இரண்டு பெட்டிகள் எரிந்தன. கிட்டத்தட்ட பத்து மாதம் சேவையே இல்லை. 2018 டிசம்பரில் எம்எம்ஆர்டிஏ ஒப்பந்தத்தை ரத்து செய்து தானே நடத்த ஆரம்பித்தது. உதிரிபாகத்துக்கும் புது வண்டிக்கும் எங்கே போவது? கடைசியில் ஹைதராபாத்தின் மேதா நிறுவனம் புதிதாக வண்டி செய்ய வேண்டியதாயிற்று. 2025 ஆகஸ்ட் 19 அன்று பெருமழை. ஹார்பர் லைன் மின்சார ரயில் நின்றுவிட, ஜனம் மொத்தமும் மோனோரயிலில் ஏறியது. வண்டி தாங்கக்கூடிய எடை 104 டன். அன்று ஏறியது 109 டன் என்று எம்எம்ஆர்டிஏ சொன்னது. நடுவழியில் உத்தரத்தின் மேல் நின்றுவிட்டது. 500க்கும் அதிகமானவர்களைத் தீயணைப்புப் படை ஏணி வைத்து இறக்கியது. அடுத்த மாதம் சேவையை முழுசாக நிறுத்திப் பழுது பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஐந்து டன் கூடுதல் என்றால் எழுபது எண்பது பேர். மழை நாளில் தாம்பரம் ஸ்டேஷனைப் பார்த்தவர்களுக்கு அது என்ன கணக்கு என்று புரியும்.

மோனோரயிலுக்கு ஞாயமாகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. சீனாவின் சோங்சிங்கில் அது முக்கியமான பெருங்கூட்ட ரயிலாகவே ஓடுகிறது, 2005இலிருந்து. மலையும் ஆறுமாக ஏறி இறங்குகிற ஊர். ரப்பர் டயர் சரிவில் நன்றாக ஏறும், சின்ன வளைவிலும் திரும்பும். கூடவே அந்த அரசு வண்டியை உள்ளூரிலேயே செய்யக் கற்றுக்கொண்டது. ஒரு தேவை இருந்தது, அதற்கு ஏற்ற கருவியை எடுத்தார்கள். தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வரை ஏற வேண்டிய மலை ஒன்றும் இல்லை. மேடவாக்கம் தாண்டினால் சதுப்பு நிலம், கை வைத்துத் தடவின மாதிரி சமதளம்.

ஒரு கிளைக்கதை. இந்தியாவின் முதல் மோனோரயில் நமக்குப் பக்கத்திலேயே ஓடியிருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? மூணாறில், 1902இல், குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில். ஒரே ஒரு தண்டவாளம். எடை முக்கால்வாசிக்கு மேல் அதன் மேல். சாயாமல் இருக்கப் பக்கத்தில் ரோட்டில் உருளுகிற ஒரு பெரிய சக்கரம். இழுத்தது மாடு. மூணாறு தேயிலையை டாப் ஸ்டேஷன் வரை கொண்டுவந்து, அங்கிருந்து கயிற்றுப் பாதையில் நம்ம போடிநாயக்கனூர்ப் பக்கம் இறக்குவார்கள். 1908இலேயே அதைப் பிடுங்கிவிட்டு இரண்டு தண்டவாளம் போட்ட குறுகிய ரயிலாக மாற்றிவிட்டார்கள். சரக்கு கூடியபோது ஒற்றைத் தண்டவாளம் போதவில்லை. அந்தச் சின்ன ரயிலை 1924 பெருவெள்ளம் அடித்துக்கொண்டு போனது தனிக்கதை.

சிட்னிக்கு வருகிறேன் என்றேனே. டிராமை 1961இல் மூடிய அந்த ஊர் 1988இல் நகர மையத்தில் மோனோரயில் கட்டியது. 3.6 கி.மீ. வட்டம், சுற்றுலாக்காரர்கள் ஏறினார்கள். 1997இல் லைட் ரயிலைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2013இல் மோனோரயிலைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். லைட் ரயிலோ நீண்டுகொண்டே போகிறது.

அப்போ லைட் ரயில்தான் சரியா?

இவ்வளவு எழுதிவிட்டு, "ஆகவே தாம்பரத்துக்கு லைட் ரயில் போட்டிருக்க வேண்டும்" என்று முடித்துவிடலாம். நானும் சில வருஷம் முன்பு வரை அப்படித்தான் வாதாடிக்கொண்டிருந்தேன். 2020 வாக்கில் இதே தாம்பரம்–வேளச்சேரி தடம் சிஎம்ஆர்எல் பார்வைக்கு வந்தபோது, லைட் ரயில், மெட்ரோலைட் என்ற பெயர்கள் அடிபட்டன. மெட்ரோலைட் என்பது 2019இல் மத்திய அரசு வகுத்த தரம். ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 15,000 பேர் வரை ஏறக்கூடிய தடங்களுக்கு. செலவு மெட்ரோவில் 40 சதவீதம் அளவில் முடியும் என்றார்கள்.

அந்த 40 சதவீதம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வண்டி சின்னது என்பது ஒரு பகுதிதான். பெரிய மிச்சம், தரையிலேயே ஓடுவதால். தூண் இல்லை, மாடி ஸ்டேஷன் இல்லை, லிஃப்ட் இல்லை. ரோட்டோரத்தில் ஒரு மேடை போதும். அதற்கு ரோட்டின் நடுவில் இரண்டு தடத்துக்கும் சேர்த்து ஏழெட்டு மீட்டர் வேலி போட்டு ஒதுக்க வேண்டும். காரும் பைக்கும் போகிற இரண்டு வரிசையை எடுத்து ரயிலுக்குக் கொடுப்பது. கேம்ப் ரோடு சிக்னலில் சாயங்காலம் ஆறு மணிக்கு நின்றவர்கள் யாராவது இதற்குக் கை தூக்குவார்களா?

அது மட்டுமில்லை. நடுவில் ஒதுக்கக்கூடிய இடம் இருந்த பகுதிகளில் மேம்பாலம் வந்துவிட்டது. வேளச்சேரி விஜயநகரில் 2021இல் இரண்டடுக்குப் பாலம் திறந்தார்கள். மேடவாக்கத்தில் 2022 மே மாதம் சுமார் 2 கி.மீ. நீளப் பாலம். நானும் அதில் போகிறேன், நேரம் மிச்சமாகிறது, மறுக்கவில்லை. ஆனால் இனி எந்த ரயில் வந்தாலும் அந்தப் பாலத்துக்கு மேலே ஏற வேண்டும், இல்லையென்றால் பக்கத்தில் வீடு கடைகளை எடுக்க வேண்டும். போதாததற்கு மாதவரம்–சோழிங்கநல்லூர் மெட்ரோ தடமும் மேடவாக்கம் வழியாகத்தான் போகிறது. மேலே ஏற ஏறச் செலவு. தரையில் ஓடாத லைட் ரயில் என்பது சின்ன வண்டி ஓடுகிற மெட்ரோ, அவ்வளவுதான்.

அதேபோல் தூண் மெல்லிசு, நிழல் குறைவு என்று மோனோரயிலுக்குச் சொல்லும் பெருமையும் இங்கே பாதிதான் செல்லும். இடம் கேட்பது தூண் இல்லை, ஸ்டேஷன். படிக்கட்டு, லிஃப்ட், ஆட்டோ நிற்க இடம், பஸ் நிற்க இடம். மோனோரயில், மெட்ரோ இரண்டுக்கும் அது ஒன்றுதான். சேலையூரில் நடைபாதையே தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய நிலையில் படிக்கட்டை எங்கே இறக்குவது?

அதனால்தான் ஆரம்பத்தில் வேறு மாதிரி தோன்றியது என்றேன். 2006, 2011, 2014, 2020 என்று ஒவ்வொரு முறையும் வண்டியின் பெயரை மாற்றிக்கொண்டிருந்தோம். ரோட்டின் நடுவே எத்தனை மீட்டர் ரயிலுக்கு என்று ஒருமுறையாவது கோடு கிழித்து, அதில் வேறெதுவும் கட்டக்கூடாது என்று வைத்திருந்தால், எந்த வண்டி என்பதைப் பிறகு முடிவு செய்திருக்கலாம். வண்டி மாறலாம், முப்பது வருஷத்தில் எப்படியும் மாறும். 1931இல் போட்ட பாதையில் மீட்டர் கேஜ் போய் அகலப்பாதை வந்தது, மின்சாரமே வேறு முறைக்கு மாறியது. பாதை மட்டும் அதே இடத்தில். ரயில்வே அந்த நிலத்தைத் தன் கையில் வைத்திருந்தது, அதனால் முடிந்தது.

கொழும்பிலும் கிட்டத்தட்ட இதே நீளத்துக்கு ஒரு கதை உண்டு. மாலபேயிலிருந்து கோட்டை வரை 15.7 கி.மீ. முதலில் மோனோரயில் என்றார்கள், பிறகு லைட் ரயில் என்று மாற்றி 2019இல் ஜைக்கா கடன் ஒப்பந்தம் வரை போனார்கள். ஆட்சி மாறியது. 2020 செப்டம்பரில் செலவு அதிகம் என்று கைவிட்டார்கள். அங்கே தொழில்நுட்பம் சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது என்றே நினைக்கிறேன். அதனால் வண்டி வந்துவிடவில்லை.

இப்போது

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனது. செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் எல்லாம் அதற்குள். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தார்கள். தென் மாவட்டப் பஸ்கள் அங்கேயே நின்றுவிட, ஊரிலிருந்து வருகிறவர்கள் பெட்டியோடு தாம்பரத்துக்கு வந்து இறங்குகிறார்கள். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு 15 கி.மீ. சொச்சம் மெட்ரோ நீட்டிப்புக்கு அறிக்கை தயார். ஜிஎஸ்டி ரோட்டு மேலேயே போகும். மறுபடியும் வடக்கு–தெற்கு.

கிழக்குக்கும் ஒன்று இருக்கிறது. தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வழியாகக் கிண்டி வரை 21 கி.மீ. மெட்ரோவுக்கு 2025இல் சாத்தியக்கூறு ஆய்வு. வேளச்சேரியோடு நிற்காமல் கிண்டி வரை நீட்டியது நல்ல யோசனை. அங்கே மின்சார ரயிலும் மெட்ரோவும் இருக்கின்றன. பள்ளிக்கரணைப் பக்கம் எப்படிப் போகப்போகிறார்கள் என்று பார்க்க ஆவலாக இருக்கிறது. 2022இலிருந்து அது ராம்சர் பட்டியலில் உள்ள சதுப்பு நிலம். தூண் நடும் ஒவ்வொரு இடத்துக்கும் கேள்வி வரும், வரவும் வேண்டும்.

அறிக்கை பொதுவில் வந்தால் நான் முதலில் புரட்டப்போவது வண்டிப் படத்தையோ செலவையோ அல்ல. மேடவாக்கம் பாலத்துப் பக்கம் வரைபடத்தில் அந்தக் கோடு எந்த உயரத்தில் போகிறது, சேலையூரில் படிக்கட்டு யார் வீட்டு வாசலில் இறங்குகிறது என்பதைத்தான். நோட்டீஸை ஃபைலில் திரும்ப வைத்துவிட்டேன். போன வாரம் எங்கள் தெருமுனையில் ஒரு புது மனைப் பிரிவுக்குப் பேனர் கட்டியிருந்தார்கள். அதே நீலக் கோடு. இந்தத் தடவை "உத்தேச மெட்ரோ நிலையம் – 5 நிமிடம்".